சிறு வயதில் லிம்போமா சுகமானவர்களுக்கு: இரண்டாவது புற்றுநோயை நேரத்தோடு கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கழுத்தில் நெறி கட்டி, காய்ச்சல் விட்டுவிட்டு வந்து, உடம்பு மெலிந்து, கடைசியில் ஹொட்ச்கின் லிம்போமா (நிணநீர்த் தொகுதியின் ஒரு புற்று) என்று தெரியவந்த பிள்ளைகள் எத்தனையோ பேர் மகரகமவுக்கும் சென்னைக்கும் வேலூருக்கும் போய் மருந்தேற்றிச் சுகமாகி வந்திருக்கிறார்கள். பிற்காலத்தில் தெல்லிப்பழையிலும் சிகிச்சை கிடைத்தது. அவர்களில் பலருக்கு இன்று 30, 40 வயது. சிகிச்சை முடிந்து 5 வருடம் கடந்ததும் “இனிக் கிளினிக் வரத் தேவையில்லை” என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். பழைய நோயைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரி. ஆனால் அந்த நோயை மாற்றிய கதிரும் மருந்தும் 10, 20, 30 வருடம் கழித்து, அதோடு தொடர்பில்லாத வேறொரு புற்றுநோய்க்குக் காரணமாகலாம். அது எவருக்கு, எந்த இடத்தில், எப்போது வரக்கூடும் என்பதைப் பெருமளவு முன்கூட்டியே கணிக்கலாம். அதற்கு ஒன்று வேண்டும்: அன்று என்ன சிகிச்சை, எவ்வளவு, உடம்பின் எந்தப் பகுதிக்குக் கொடுத்தார்கள் என்ற விபரம். கீழே உள்ள எல்லாமே அந்த ஒரு விபரத்திலிருந்துதான் தொடங்குகின்றன.

ஏன் வருகிறது

கதிர்ச் சிகிச்சை, அதாவது ஊரில் ‘கரண்ட் பிடித்தது’ என்று சொல்வது, புற்றுக் கலங்களின் மரபணு இழையை உடைத்து அவற்றைக் கொல்கிறது. கதிர் போகும் வழியில் இருக்கும் நல்ல கலங்களிலும் உடைவு ஏற்படும். அவை பெரும்பாலும் திருத்திக்கொள்ளும். பிழையாகத் திருத்திக்கொண்டவை பல வருடம் அமைதியாக இருந்து பிறகு புற்றாக மாறலாம். வளர்ந்துகொண்டிருக்கும் இழையம் இதற்கு மிகவும் எளிதில் ஆளாகும். அதனால்தான் பருவமடையும் காலத்தில் நெஞ்சுக்குக் கதிர் பட்ட பெண்ணின் மார்பகமும், சிறு பிள்ளையின் தைரொயிட் சுரப்பியும் தனிக் கவனம் பெறுகின்றன.

1960களிலிருந்து 1980கள் வரை கழுத்து, அக்குள், நெஞ்சு எல்லாவற்றையும் சேர்த்து 35 முதல் 45 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு) வரை கொடுப்பது வழக்கமாக இருந்தது. பின்னர் மருந்தோடு சேர்த்து 20 கிரே அளவில், நோய் இருந்த இடத்துக்கு மட்டும் கொடுக்கத் தொடங்கினார்கள். இன்று மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும் பிள்ளைகள் பலருக்குக் கதிரே கொடுப்பதில்லை. இந்த மாற்றம் பலன் தந்திருக்கிறது. வட அமெரிக்காவில் சிறுவயதுப் புற்றுநோயிலிருந்து சுகமானவர்களை நீண்டகாலம் பின்தொடர்ந்த பெரிய ஆய்வில், 15 வருடத்துக்குள் இரண்டாவது புற்றுநோய் வந்தோர் விகிதம் 1970களில் சிகிச்சை பெற்றவர்களிடம் 2.1%, 1980களில் 1.7%, 1990களில் 1.3% எனக் குறைந்தது. ஆனால் 15 வருடம் என்பது இந்தக் கணக்கின் தொடக்கம் மட்டுமே. அதே ஆய்வில், சிறுவயதில் ஹொட்ச்கினுக்காக நெஞ்சுக்குக் கதிர் பெற்ற பெண்களில் சுமார் 35% பேருக்கு 50 வயதுக்குள் மார்பகப் புற்று வந்தது. பரம்பரையாக பி.ஆர்.சி.ஏ.1 மரபணுக் குறைபாடு உள்ள பெண்களின் ஆபத்துக்கு இது நிகரானது. இந்த எண்கள் மேலை நாட்டுப் பெண்களுடையவை, பழைய அளவுக் கதிருக்கு உரியவை. இங்கே விகிதம் அப்படியே இராது. ஆனால் ஆபத்து எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில் சந்தேகமில்லை.

மருந்துகளின் வழி வேறு. சைக்குளோபொஸ்பமைட், புரோகார்பசின் போன்றவை இரத்தப் புற்றை உண்டாக்கினால் அது பெரும்பாலும் 5 முதல் 7 வருடத்துக்குள் வரும். எற்றோபொசைட்டால் வருவது 1 முதல் 3 வருடத்துக்குள்ளேயே வந்துவிடும். 10, 15 வருடம் தாண்டியவருக்கு இந்தப் பயம் வெகுவாகக் குறைந்துவிடும். கதிரால் வரும் திண்மக் கட்டிகளின் ஆபத்தோ வயதோடு ஏறிக்கொண்டே போகும்.

முதல் வேலை: பழைய விபரத்தைத் தேடி எடுத்தல்

யாழ்ப்பாணத்தில் எல்லாவற்றிலும் கடினமான படி இதுதான். 1995 ஒக்ரோபர் இடம்பெயர்வில் வீட்டோடு போன கிளினிக் கொப்பிகள் உண்டு. ஏ9 மூடியிருந்த காலத்தில் கப்பலிலும் விமானத்திலும் கொழும்புக்குப் போய்த் துண்டு துண்டாகச் சிகிச்சை பெற்றவர்கள் உண்டு. வன்னியில் 2009 இல் எல்லாவற்றையும் விட்டு வந்தவர்களும் உண்டு. ஆகவே கையில் தாள் இல்லை என்பதற்காக இந்தப் படியைக் கைவிட வேண்டாம்.

முதலில் வீட்டில் தேடுங்கள். நோய் நிர்ணய அட்டை, கிளினிக் கொப்பி, பயொப்சி (இழையப் பரிசோதனை) அறிக்கை, கதிர்ச் சிகிச்சை அட்டை, பழைய எக்ஸ்ரே உறை என எது கிடைத்தாலும் நல்லது. எக்ஸ்ரே உறையின் மேலே எழுதியிருக்கும் இலக்கமும் திகதியும்கூட உதவும். வெளிநாட்டில் இருக்கும் சகோதரங்களிடமும் கேளுங்கள். பணஉதவிக்காகவோ விசாவுக்காகவோ அன்று அனுப்பிய பிரதி அவர்களிடம் இருக்கக்கூடும்.

அடுத்தது வைத்தியசாலை. புற்றுநோய்ப் பிரிவுகளில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு கிளினிக் இலக்கம் உண்டு. அந்த இலக்கமும் சிகிச்சை தொடங்கிய வருடமும் தெரிந்தால் பதிவேட்டறையில் தேடுவது எளிது. இலக்கம் இல்லாவிட்டால் முழுப்பெயர், பிறந்த திகதி, அன்றைய முகவரி, தந்தையின் பெயர் ஆகியவற்றோடு எழுத்தில் விண்ணப்பியுங்கள். பெயர் சிங்களத்தில் அல்லது ஆங்கிலத்தில் வேறு விதமாக எழுதப்பட்டிருக்கலாம் என்பதால், சாத்தியமான எழுத்துக்கூட்டல்கள் எல்லாவற்றையும் விண்ணப்பத்தில் குறிப்பிடுங்கள். தேடல் தோற்றுப்போவதற்கு இது ஒரு முக்கிய காரணம். கதிர்ச் சிகிச்சைப் பிரிவின் பதிவுகள் விடுதிப் பதிவிலிருந்து தனியாக வைக்கப்பட்டிருக்கலாம். ஆகவே இரண்டையும் தனித்தனியே கேளுங்கள். அரச வைத்தியசாலை பதில் தராவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அங்குள்ள தகவல் அலுவலரிடம் உங்கள் எழுத்துமூலச் சம்மதத்தோடு உங்கள் சொந்தப் பதிவைக் கேட்கலாம்.

எங்குமே கிடைக்காவிட்டால் உடம்பையும் ஞாபகத்தையும் வைத்து ஓரளவு கட்டியெழுப்பலாம். தாய், தகப்பன், அன்று துணைக்கு நின்ற மாமி அல்லது பெரியம்மா உயிரோடு இருக்கும்போதே இருந்து கேளுங்கள்.

கதிர் பிடித்ததா என்பதற்கு, நெஞ்சிலோ கழுத்திலோ அக்குளுக்கு அருகிலோ பச்சை குத்தியதுபோல ஊசிமுனை அளவு நீலக்கறுப்புப் புள்ளிகள் உண்டா என்று பாருங்கள். குறிவைப்பதற்காகக் குத்தியவை அவை. புள்ளி இல்லையென்றால் கதிர் இல்லை என்று முடிவெடுக்க வேண்டாம். மையால் மட்டும் கோடு போட்டுப் பிடித்த காலமும் உண்டு. கழுத்து மெலிந்து, தோள் ஒடுங்கி, காறை எலும்பு கட்டையாக இருப்பதும், பிடரியில் கீழ்மயிர் ஐதாக இருப்பதும் சிறுவயதில் அங்கே கதிர் பட்டதன் அடையாளங்கள். எத்தனை நாள் அந்த அறைக்குப் போனீர்கள் என்பது மிகப் பயனுள்ள கேள்வி. கிழமைக்கு 5 நாளாக, ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1.5 முதல் 2 கிரே கொடுப்பதே பொது வழக்கம். இரண்டு கிழமை போனார் என்றால் 15 முதல் 20 கிரே. நான்கு கிழமை என்றால் 30 முதல் 40. இது மதிப்பீடுதான். ஆனாலும் கீழே மார்பகப் பகுதியில் வரும் எல்லையான 10 கிரேயைத் தாண்டியதா இல்லையா என்று சொல்ல அதுவே போதும்.

மருந்தைக் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. சிவப்பு நிற மருந்து ஏற்றி, பிறகு சலமும் சிவப்பாகப் போனதென்றால் அது டொக்சோரூபிசின், பழைய பெயர் அட்ரியமைசின். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை ஏற்றினார்கள் என்றால் டொக்சோரூபிசின், புளியோமைசின் உட்பட நான்கு மருந்துகள் சேர்ந்த ஏ.பி.வி.டி. முறையாக இருக்கலாம். தோலில் சவுக்கால் அடித்ததுபோலக் கபில நிறக் கோடுகள் விழுந்திருந்தால் புளியோமைசின் நினைவுக்கு வரவேண்டும். இரண்டு கிழமை தொடர்ந்து வில்லை விழுங்கக் கொடுத்தார்கள் என்றால் புரோகார்பசினும் பிரெட்னிசொலோனும் சேர்ந்த முறையாக இருக்கலாம். வயிற்றின் நடுவே நீண்ட தழும்பு இருந்தால் மண்ணீரலை எடுத்தார்களா என்று ஸ்கான் மூலம் உறுதிசெய்யுங்கள். மண்ணீரல் இல்லாதவருக்கு 38 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்கக்கூடாது. உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். கலியாணப் பேச்சுக்குப் பாதகமாகும் என்று பயந்து, பிள்ளைக்கே ‘நெறிக்கட்டிக்கு மருந்தேற்றினது’ என்று மட்டும் சொல்லி வளர்த்த வீடுகள் உண்டு. தனக்கு என்ன நோய் இருந்தது என்று 30 வயதிலும் அறியாத பெண், தன் மார்பில் கட்டி வந்தால் வைத்தியரிடம் எதைச் சொல்வாள்? பெற்றோரே, அவர்களுக்கு 18 வயதாகும்போது முழு விபரத்தையும் கையில் கொடுங்கள். குடும்பத்தில் பரம்பரைப் புற்றுநோய்க் குறைபாடு இல்லாவிட்டால், லிம்போமா சுகமானவரின் பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிட அதிகமில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்கும் பெண் வீட்டாருக்கும் இதைத் துணிந்து சொல்லலாம்.

இரண்டாவது வேலை: எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுதல்

வைத்தியர் அரை நிமிடத்தில் வாசித்து முடிக்கக்கூடிய ஒரு பக்கம் வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுவிப்பது நல்லது. அதில் இவை இருக்கட்டும்:

- நோயின் பெயர், வகை, நிலை, கண்டுபிடித்த திகதி, அப்போதைய வயது
- மருந்து முறையும் எத்தனை தடவை என்பதும். டொக்சோரூபிசின், சைக்குளோபொஸ்பமைட், எற்றோபொசைட், புளியோமைசின் ஆகியவற்றின் மொத்த அளவு
- கதிர் பட்ட இடங்கள், மொத்த அளவு, தொடங்கி முடித்த திகதிகள்
- நோய் திரும்பி வந்ததா, என்புமச்சை மாற்று நடந்ததா, மண்ணீரல் உண்டா
- குடும்பத்தில் மார்பக, சூலக, பெருங்குடல் புற்று வந்தவர்கள்

இதில் இரண்டு பிழைகள் அடிக்கடி நடக்கும். ஒன்று கதிரின் அலகு. பழைய அட்டைகளில் ராட் அல்லது சென்ரிகிரே என்று இருக்கும். 100 ராட் என்றால் 1 கிரே. 2,000 என்று எழுதியிருந்தால் அது 20 கிரே. மற்றது மருந்தின் அளவு. கொப்பியில் இருப்பது ஏற்றிய மில்லிகிராம். வைத்தியருக்குத் தேவை உடற்பரப்பின் சதுர மீற்றருக்கு எவ்வளவு என்பது. 1.2 சதுர மீற்றர் உடற்பரப்புள்ள பிள்ளைக்கு ஒரு தடவை 30 மி.கி. டொக்சோரூபிசின் வீதம் 12 தடவை ஏற்றியிருந்தால் மொத்தம் 360 மி.கி. அதை 1.2 ஆல் வகுத்தால் சதுர மீற்றருக்கு 300 மி.கி. ஏ.பி.வி.டி. 6 சுற்று முழுதாக முடித்தவரின் கணக்கு இதுதான். 250 ஐத் தாண்டினால் இதயக் கண்காணிப்பும் தேவை. கதிர் இல்லாவிட்டாலும் மார்பகப் புற்றின் ஆபத்து கூடுவதாகவும் தெரியவந்திருக்கிறது.

தாளை லமினேற் பண்ணி ஒன்றை வீட்டிலும், போட்டோ கொப்பி ஒன்றைக் கிளினிக் கொப்பிக்குள்ளும், படமெடுத்துக் கைத்தொலைபேசியிலும் வையுங்கள். வெளிநாட்டில் இருக்கும் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

மார்பகம்: எப்போது தொடங்குவது, எதைச் செய்வது

நெஞ்சுக்கு 10 கிரே அல்லது அதற்கு மேல் கதிர் பட்ட பெண்களுக்கு, 25 வயது அல்லது கதிர் முடிந்து 8 வருடம், இரண்டில் எது பிந்தி வருகிறதோ அன்றிலிருந்து வருடந்தோறும் எம்.ஆர்.ஐ.யும் மமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) செய்யவேண்டும் என்பதே சர்வதேச வழிகாட்டல். 60 வயது வரையாவது தொடரவேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை வைத்தியர் கையால் பரிசோதிப்பது அதற்கு முன்பே, பருவமடைந்ததிலிருந்தே தொடங்கும்.

கணக்கைப் பாருங்கள். 1994 இல் பிறந்தவருக்கு 14 வயதில், 2008 இல், கதிர் முடிந்தது. 8 வருடம் 2016 இல் நிறைகிறது. அப்போது வயது 22. 25 வயது 2019 இல். பிந்தியது 2019, ஆகவே அன்றே தொடங்கியிருக்க வேண்டும். இன்னொருவருக்கு 13 வயதில் மருந்து மட்டும் கொடுத்து, நோய் திரும்பியதால் 20 வயதில் கதிர் பிடித்தார்கள். இவருக்கு 28 வயதில் தொடங்கவேண்டும். நோய் வந்த வயதையல்ல, கதிர் முடிந்த வயதை எடுக்கவேண்டும் என்பதை இந்த இரண்டாவது கணக்கு காட்டும்.

இங்கே நடக்கும் மிகப் பெரிய பிழை வயதைப் பார்த்து ஆறுதல் சொல்வது. 28 வயதுப் பெண் மார்பில் கட்டியோடு போனால் “இந்த வயதில் புற்று வராது, பால்கட்டிதான்” என்ற பதில் எளிதாக வந்துவிடும். பொதுவாக அது சரியாகவும் இருக்கும். நெஞ்சுக்குக் கதிர் பட்டவருக்கு மட்டும் அந்தப் பொது விதி செல்லாது. ஆகவே அறைக்குள் நுழைந்ததும் சொல்லவேண்டிய முதல் வசனம்: “எனக்குச் சின்ன வயதில் நெஞ்சுக்குக் கதிர்ச் சிகிச்சை தந்தது, இதுதான் விபரம்.” கட்டிக்கு மூன்றும் வேண்டும்: கைப் பரிசோதனை, ஸ்கான் (அல்ட்ராசவுண்ட்), ஊசியால் இழையம் எடுத்துப் பார்த்தல். ஸ்கானில் நல்லபடியாகத் தெரிகிறது என்பதோடு நிறுத்தக்கூடாது.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் நடக்கும் சுகவனிதையர் கிளினிக் நல்ல சேவை. ஆனால் அது முக்கியமாக 35 வயதுப் பெண்களைக் கருதி அமைக்கப்பட்டது, மார்பகத்தைக் கையால்தான் பரிசோதிக்கிறது. உங்களுக்கு அது போதாது, காலமும் பிந்தியது. அங்கே போவதை நிறுத்த வேண்டாம். குடும்பநல உத்தியோகத்தரிடம் விபரத்தைச் சொல்லிப் புற்றுநோய்க் கிளினிக்குக்கோ சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்கோ கடிதம் வாங்குங்கள்.

இளம் வயதில் மார்பகம் அடர்த்தியாக இருப்பதால் மமோகிராமில் கட்டி மறைந்துபோகலாம். எம்.ஆர்.ஐ. அதை நன்றாகக் காட்டும். சில வகைச் சுண்ணாம்புப் படிவுகளை மமோகிராம்தான் காட்டும். அதனால்தான் இரண்டும். எம்.ஆர்.ஐ.யை மாதவிடாய் தொடங்கிய 7 முதல் 14 நாளுக்குள் எடுத்தால் படம் தெளிவாக இருக்கும். திகதி வாங்கும்போதே இதைச் சொல்லுங்கள். ஊசி மருந்து ஏற்றி எடுப்பதால் சிறுநீரகப் பரிசோதனை அறிக்கையையும் கொண்டுபோங்கள். கர்ப்பமாக இருந்தால் அந்த ஊசி போடக்கூடாது. அக்காலத்தில் கைப் பரிசோதனையைத் தவறவிடாமல் தொடருங்கள்.

எம்.ஆர்.ஐ.க்கு வருடாவருடம் நாள் கிடைப்பதும், தனியாரில் செலவழிப்பதும் எங்கள் பகுதியில் எல்லோருக்கும் இயலாது. அப்படியென்றால் மமோகிராமையும் மார்பக ஸ்கானையும் வருடந்தோறும் எடுத்து, இயன்ற வருடம் எம்.ஆர்.ஐ. எடுங்கள். ஸ்கான் எம்.ஆர்.ஐ.க்கு ஈடாகாது. ஆனால் ஒன்றுமே செய்யாமல் இருப்பதைவிட எவ்வளவோ மேல். எம்.ஆர்.ஐ.யும் மமோகிராமும் கிடைப்பவர்கள் அவற்றை 6 மாத இடைவெளியில் மாற்றி மாற்றி எடுக்கலாம்.

“ஏற்கெனவே கதிர் பட்ட உடம்பு, மமோகிராமும் கதிர்தானே” என்ற பயம் நியாயமானது. அளவைப் பாருங்கள். ஒரு மமோகிராமில் மார்பகத்துக்குக் கிடைப்பது சுமார் 4 மில்லிகிரே. 20 கிரே என்பது 20,000 மில்லிகிரே, ஏறத்தாழ 5,000 மடங்கு. அந்தப் பயத்துக்காக மமோகிராமைத் தவிர்க்க வேண்டாம். தேவையில்லாமல் திரும்பத் திரும்ப எடுக்கும் சீ.ரி. ஸ்கானைத்தான் ‘இது அவசியமா’ என்று கேட்கவேண்டும்.

தைரொயிட்

கழுத்துக்கு அல்லது மேல்நெஞ்சுக்குக் கதிர் பட்ட ஆண், பெண் இருவருக்கும் இது பொருந்தும். இதில் ஒரு புதுமை உண்டு: ஆபத்து சுமார் 20 கிரே வரை ஏறிப் பின்னர் குறைகிறது. மிக அதிக அளவு அந்தக் கலங்களைக் கொன்றுவிடுவதே காரணம். ஆகவே ‘எனக்குக் கொஞ்சம்தான் பிடித்தது’ என்பது இங்கே ஆறுதல் இல்லை.

கதிர் முடிந்து 5 வருடத்திலிருந்து, 1 முதல் 2 வருடத்துக்கு ஒருமுறை வைத்தியர் கழுத்தைத் தடவிப் பார்க்கலாம், அல்லது 3 முதல் 5 வருடத்துக்கு ஒருமுறை ஸ்கான் எடுக்கலாம். எது என்பதை வைத்தியரோடு பேசித் தீர்மானியுங்கள். ஸ்கானில் தீங்கில்லாத சிறு முடிச்சுகளும் நிறையத் தெரிந்து, தேவையற்ற ஊசியும் சத்திரசிகிச்சையும் நடப்பதுண்டு என்பதால்தான் இந்தத் தெரிவு. கழுத்தில் கட்டி வந்துவிட்டால் தெரிவு கிடையாது. ஸ்கானும் ஊசிப் பரிசோதனையும் வேண்டும். ‘கழலைதானே, அம்மாவுக்கும் இருந்தது’ என்று விடக்கூடாது. இரத்தத்தில் ரி.எஸ்.எச். (தைரொயிட்டைத் தூண்டும் ஓமோன்) அளவை வருடாவருடம் பாருங்கள். கதிருக்குப் பிறகு தைரொயிட் குறைவாகச் சுரப்பது மிகச் சாதாரணம்.

மற்ற இடங்கள்

தோலில், கதிர் பட்ட பகுதியில்தான் பார்வை வேண்டும். வெள்ளைத் தோலில் பளபளப்பான இளஞ்சிவப்புப் பரு போல வரும் தோற்புற்று, எங்கள் நிறத் தோலில் பெரும்பாலும் கறுப்பாகவே வரும். மறு என்று நினைத்து வருடக்கணக்கில் விடுவதற்கு அதுவே காரணம். முதுகையும் பிடரியையும் வருடத்துக்கு ஒருமுறை வீட்டில் ஒருவரைக் கொண்டு பார்ப்பியுங்கள். ஆறாத புண், வளரும் கறுப்புப் புள்ளி, இரத்தம் கசியும் இடம் எதையும் காட்டுங்கள். தோட்டத்திலும் கடலிலும் வேலை செய்பவர்கள் கழுத்தை மூடும் சட்டையும் தொப்பியும் போடவேண்டும்.

வயிற்றுக்கோ இடுப்புக்கோ கதிர் பட்டவர், 30 வயது அல்லது கதிர் முடிந்து 5 வருடம், எது பிந்தியதோ அன்றிலிருந்து 5 வருடத்துக்கு ஒருமுறை பெருங்குடல் கமராப் பரிசோதனை செய்யவேண்டும். 30 வயதுக்காரரின் மலத்தில் இரத்தம் போனால் மூலவியாதி என்று எழுதிவிடுவார்கள். அங்கேயும் உங்கள் தாளை நீட்டுங்கள்.

புகைத்தலும் நெஞ்சுக் கதிரும் சேர்ந்தால் நுரையீரல் புற்றின் ஆபத்து வெறுமனே ஒன்றோடொன்று கூடுவதில்லை, பன்மடங்காகப் பெருகுகிறது. சுருட்டும் பீடியும் அதில் அடங்கும். வெற்றிலை போடுகிறவர்கள் கவனிக்க: புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு தானே புற்றை உண்டாக்கும். கழுத்துக்கும் தாடைக்கும் கதிர் பட்ட வாயில் அதை வைப்பது இரட்டை ஆபத்து.

மூளைக்குக் கதிர் பெற்ற லிம்போமாக்காரர்கள், முக்கியமாக லிம்போபிளாஸ்ரிக் வகையினர், புதிதாக வலிப்பு, விடியற்காலைத் தலையிடி, பார்வை மங்கல் வந்தால் காலம் தாழ்த்தக்கூடாது. சைக்குளோபொஸ்பமைட் கூடுதலாக ஏற்றியவருக்குச் சலத்தில் இரத்தம் போனால் சிறுநீர்ப்பையைப் பார்க்கவேண்டும். சிகிச்சை முடிந்த முதல் 10 வருடத்துக்குள் காரணமில்லாத களைப்பு, தோலில் நீலத் தழும்பு, முரசில் இரத்தம் என்றால் அன்றே முழு இரத்தப் பரிசோதனை செய்விக்கவேண்டும்.

பாடசாலைகளில் 2017 இலிருந்து 6 ஆம் வகுப்புச் சிறுமிகளுக்குப் போடும், கருப்பைக் கழுத்துப் புற்றைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியைச் சுகமான பிள்ளைகள் தவறவிடக்கூடாது. எத்தனை ஊசி என்பதைப் புற்றுநோய் வைத்தியரிடம் கேளுங்கள்.

கண்டுபிடித்துவிட்டால்

புதிய கட்டி எதுவானாலும் முதலில் பயொப்சி. பழைய லிம்போமா திரும்பிவிட்டது என்று ஊகித்து மருந்து தொடங்குவதும், புதிய புற்று என்று ஊகித்து வெட்டுவதும் ஒரேயளவு பிழை.

மார்பகப் புற்று என்று உறுதியானால், சத்திரசிகிச்சைக்கு முன்பே பழைய கதிர் விபரம் சத்திரசிகிச்சை நிபுணரிடமும் புற்றுநோய் வைத்திய நிபுணரிடமும் இருக்கவேண்டும். கட்டியை மட்டும் எடுத்து மார்பகத்தைக் காக்கும் முறை, பின்னால் கதிர் கொடுப்பதை நம்பியது. ஏற்கெனவே கதிர் பட்ட நெஞ்சுக்கு மீண்டும் கொடுப்பது பெரும்பாலும் இயலாது என்பதால் முழு மார்பகத்தையும் எடுக்கும்படி சொல்லக்கூடும். இதைப் பிந்தி அறிந்தால் இரண்டு சத்திரசிகிச்சை ஆகிவிடும். அதேபோல டொக்சோரூபிசினுக்கு வாழ்நாள் உச்சவரம்பு உண்டு, சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 450 முதல் 550 மி.கி. சிறுவயதில் 300 முடித்தவருக்கு மிச்சம் கொஞ்சம்தான், நெஞ்சுக் கதிரும் பட்டிருந்தால் அதைவிடக் குறைவு. எக்கோ (இதய ஸ்கான்) எடுத்த பிறகே எந்த மருந்து என்று தீர்மானிப்பார்கள். புளியோமைசின் ஏற்றியவர் என்பதை மயக்க மருந்து வைத்தியரிடமும் சொல்லுங்கள். சத்திரசிகிச்சையின்போது கொடுக்கும் ஒட்சிசன் அளவை அதற்கேற்ப அவர் வைத்துக்கொள்வார்.